நழுவு குழாயும் வால்வும்: ரொம்போன் இனத்து அரிய வாத்தியங்கள் சில

மேனாட்டுப் பல்லியத்தில் இடம்பெறும் பித்தளை வாத்தியங்களுள் ரொம்போன் ஒன்றே தன் பழைய உருவம் பெரிதும் மாறாது ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து வந்துள்ளது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் ஐரோப்பிய நகரங்களில் வழக்குக்கு வந்த அவ்வாத்தியத்தைக் கையாண்ட ஒருவன் இன்றைய ரொம்போனைக் கண்டால், அதனை அடையாளங் காண்பதற்கு மட்டுமன்றி, எடுத்து ஊதுவதற்கும் அதிகம் தயங்கமாட்டான். குழாயொன்றன்மேல் இன்னொரு குழாய் நழுவிச் செல்ல, அதனால் வாத்தியத்தின் நீளம் கூடியும் குறைந்தும் சுரங்கள் வேறுபடுகின்றன. அமைப்பு இவ்வளவே. ஆயினும் 19ஆம் நூற்றாண்டிலே, இந்த நழுவு குழாயை நீக்கிவிட்டு, விரலால் அழுத்தும் வால்வுகளை அதனிடத்தில் அமைக்கும் முயற்சி ஐரோப்பா முழுவதும் நடந்தது. அம்முயற்சியிற் பிறந்த வாத்தியங்கள் பல. அவற்றுட் சில அரும்பொருட்சாலைகளில் மௌனமாய் உறங்குகின்றன; சில இன்றும் ஒலிக்கின்றன. வால்வு ரொம்போன் என்றாலே அது குறைபட்ட வாத்தியம் என்னும் எண்ணம் இசைவாணரிடையே நெடுங்காலம் நிலவிற்று. அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாது என்பது அவ்வாத்தியங்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினாலன்றித் தெளிவாகாது.

முதற்கண் ஊதுகொம்பின் இயல்பினை நோக்குதல் வேண்டும். சங்கு, கொம்பு, எக்காளம் ஆகியவற்றை ஊதுவோர் உதடுகளை அதிரச் செய்து, உள்ளிருக்கும் காற்றுநிரலை ஒலிக்கச் செய்கின்றனர். நீளம் மாறாத குழாயொன்று எல்லாச் சுரங்களையும் தருவதில்லை. அடிப்படைச் சுரத்தின் மீடிறனை 1 எனக் கொண்டால் 2, 3, 4, 5 என முழுவெண் மடங்காக அமையும் மேற்றொனிகளையே அது தரும். இவ்வரிசையில் மேலே செல்லச் செல்லச் சுரங்கள் நெருங்கிவரும். கீழே செல்லச் செல்ல இடைவெளி அகலும். இரண்டாம் மூன்றாம் தொனிகளுக்கு இடையேயுள்ள தூரம் சட்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரமாகும். அஃதாவது ஏழு அரைச்சுரங்கள். அவ்விடைவெளியில் நிரப்பப்பட வேண்டிய சுரங்கள் ஆறு. ஆகவே ஒரு குழாய் தன் இயல்பான நீளத்தோடு மேலும் ஆறு நீளங்களைப் பெறுமாயின் இவ்விடைவெளி முற்றாக நிரம்பிவிடும். ரொம்போனுக்கு ஏழு நிலைகள் அமைந்த காரணம் இதுவே. ஏழு என்பது மரபுபற்றி வந்த எண்ணன்று. ஒலியின் இயல்புபற்றி வந்தது.

நழுவு குழாய் இந்த ஏழு நீளங்களை மட்டுமன்றி, அவற்றுக்கு இடைப்பட்ட எண்ணிறந்த நீளங்களையும் தரவல்லது. கோட்டுவாத்தியத்தையும் வீணையையும் அறிந்தோருக்கு இவ்வேறுபாட்டை விளக்க அதிகம் கூறவேண்டியதில்லை. வீணையிலே மெட்டுகள் சுரத்தானங்களை வரையறுத்து நிற்கின்றன. கோட்டுவாத்தியத்திலே மெட்டில்லை, கட்டையை நகர்த்தும் கையும் செவியுமே அளவுகோல். நழுவு ரொம்போன் மெட்டில்லாதது. வால்வு ரொம்போன் மெட்டுள்ளது. ஆயினும் இவ்வுவமை ஓரிடத்திற் பிழைபடும். வீணையின் மெட்டுகள் சுதி பார்த்து மெழுகிலே பதிக்கப்படுவன. தந்தியை இழுத்து வேறு சுரங்களையும் காட்டலாம். வால்வின் மெட்டுகளோ, பின்னர்க் காட்டப்படுமாறு, தம்முள்ளேயே ஒரு கணக்குப் பிழையைச் சுமந்து நிற்பன.

வால்வைக் கண்டுபிடித்தோர் இருவர். பிளெஸ் என்னும் ஊரின் சிற்றரசனது வாத்தியக் குழுவிலே கொம்பு வாசித்த ஐன்றிக் ஸ்ரோல்செல் ஒருவர். சிலேசியாவைச் சேர்ந்த பிரீட்ரிக் புளூமெல் மற்றவர். இருவரும் 1818ஆம் ஆண்டிலே பிரசிய அரசிடமிருந்து பத்தாண்டுக் காலத்துக்குரிய காப்புரிமையை ஒருங்கே பெற்றனர். அதன்பின் வேறுவேறு வடிவிலான வால்வுகள் அடுத்தடுத்துத் தோன்றின. வியன்னாவிலே யோசப் ரீடில் 1835இற் காப்புரிமை பெற்ற சுழல் வால்வும், பாரிசிலே பெரினே 1839இல் உருவாக்கிய முசல வால்வும் இன்றுவரை நிலைத்துள்ளன. வடிவம் எதுவாயினும் தொழில் ஒன்றே: விரல் அழுத்தியவுடன், காற்று செல்லும் வழியில் ஒரு சிறு கிளைக்குழாய் சேர்க்கப்படுகின்றது, குழாயின் மொத்த நீளம் கூடுகின்றது, சுரம் தாழ்கின்றது. பொதுவாக முதலாம் வால்வு இரண்டு அரைச்சுரங்களையும், இரண்டாவது ஒன்றையும், மூன்றாவது மூன்றையும் தாழ்த்தும். மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் ஆறு அரைச்சுரம் தாழும். எனவே ஏழு நீளங்களும் கிடைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு முற்றாக நிறைவேறவில்லை. ஏன் என்பது சிறிது கணக்கிட்டு அறியற்பாலது. வழக்கிலுள்ள பீ-பிளாற் ரொம்போனின் குழாய் ஏறத்தாழ 270 சதமீற்றர் நீளமுடையது. ஓர் அரைச்சுரம் தாழ்த்துவதற்கு அந்நீளத்தை நூற்றுக்கு 5.95 வீதம் கூட்டவேண்டும். அஃதாவது ஏறத்தாழ 16 சதமீற்றர். இரண்டு அரைச்சுரத்துக்கு 33, மூன்றுக்கு 51 சதமீற்றர் வேண்டும். மூன்று வால்வுகளின் கிளைக்குழாய்களும் இவ்வளவுகளிலேயே வெட்டப்படுகின்றன. இப்பொழுது மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் சேரும் நீளம் 100 சதமீற்றர். ஆனால் ஆறு அரைச்சுரம் தாழ்த்துவதற்கு உண்மையில் வேண்டிய நீளம் 112 சதமீற்றர் ஆகும். ஏறத்தாழப் பன்னிரண்டு சதமீற்றர் குறைகின்றது. சுரமோ அரைச்சுரத்திற் பாதியளவு உயர்ந்து ஒலிக்கின்றது. முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்தழுத்தும்போது குறை 6 சதமீற்றர். இரண்டாவதையும் மூன்றாவதையும் அழுத்தும்போது 3. முதலிரண்டையும் அழுத்தும்போது 2.

இப்பிழைக்குக் காரணம் வாத்தியம் செய்வோரின் கவனக்குறைவன்று. சுரங்கள் பெருக்கலால் இறங்குகின்றன. வால்வுகளோ கூட்டலால் நீட்டுகின்றன. முதலாம் வால்வை அழுத்தியவுடன் குழாய் 303 சதமீற்றர் ஆகிவிடுகின்றது. அந்நீண்ட குழாய்க்கு அரைச்சுரம் தாழ்த்த 16 போதாது, 18 வேண்டும். ஆனால் இரண்டாம் வால்வின் கிளைக்குழாய் தான் தனித்திருந்தபோது வெட்டப்பட்ட அளவையே உடையது. தனக்கு முன்னே இன்னொன்று திறந்திருப்பதை அஃது அறியாது. நழுவு ரொம்போன் வாசிப்பவனின் கை இதனை அறியும். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு 8 சதமீற்றர் நகரும் அவன் கை, ஆறாம் நிலையிலிருந்து ஏழாம் நிலைக்குச் செல்ல ஏறத்தாழ 11 சதமீற்றர் நகர்கின்றது. குழாய் இரட்டையாக மடிந்திருத்தலின் கை நகரும் தூரம் நீளத்திற் பாதியாகும். இக்கணக்கை அவன் எழுதிப் பார்த்ததில்லை. செவியே அவனுக்குக் கணக்காசிரியன்.

இவ்வளவு பிழையுடைய ஒன்றை 19ஆம் நூற்றாண்டினர் ஏன் விரும்பி ஏற்றனர் என்னும் வினா எழும். அவர்கள் செவியற்றவர் அல்லர். படைவாத்தியக் குழுக்களின் தேவை ஒரு காரணம். குதிரைமேல் அமர்ந்து, ஒரு கையாற் கடிவாளத்தைப் பற்றியவாறு நழுவு குழாயை இழுப்பது எளிதன்று. வால்வு வாத்தியத்தை ஒரு கையால் வாசித்துவிடலாம். அணிவகுத்து நடக்கும்போதும் நழுவு குழாய் முன்னே செல்பவனது முதுகைத் தாக்கும். ரொம்போன்காரரை முதல் வரிசையில் நிறுத்தும் வழக்கம் இதனாலேயே பல குழுக்களில் ஏற்பட்டது; அவர்களது கலைத்திறனுக்குச் செய்யப்பட்ட மரியாதை என்று அதனைக் கொள்ளவேண்டியதில்லை. இரண்டாவது காரணம் விரைவு. கை ஓரடிக்கு மேல் நகரவேண்டிய இடத்தில் விரல் அரையங்குலம் நகர்ந்தாற் போதும். மூன்றாவது, சுரங்களை ஒட்டி இணைத்து வாசிக்கும் ஆற்றல். நழுவு குழாயிலே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது இடைப்பட்ட ஒலிகளெல்லாம் கேட்டுவிடும் அபாயம் உண்டு. அதனை மறைக்க வாசிப்போன் நாவினால் மெல்லத் தட்டவேண்டும். வால்விலே அவ்வபாயம் இல்லை. இக்காரணங்களால் இத்தாலி, ஆத்திரியா, பொகீமியா, ஸ்பானியா ஆகிய நாடுகளிலும், பின்னர் இலத்தீன் அமெரிக்காவிலும் வால்வு ரொம்போன் வேரூன்றியது. மெக்சிக்கோவின் சினலோவா மாநிலத்துப் பாண்டு இசையிலே அது இன்றும் தலைமை வாத்தியங்களுள் ஒன்றாக ஒலிக்கின்றது. அங்கே அது எதற்கும் பதிலாக வந்த வாத்தியமன்று; அவ்விசையின் சொந்தக் குரல்.

வால்வின் கணக்குப் பிழையைத் தீர்ப்பதற்கு எடுக்கப்பட்ட முயற்சிகளுள் மிகத் துணிவானது அடொல்ப் சக்ஸ் செய்தது. பெல்சியத்திலே தினான் என்னும் ஊரில் 1814இற் பிறந்து, பாரிசிலே தொழில் நடத்திய இவர், சக்ஸபோன் என்னும் வாத்தியத்தால் உலகறிந்தவர். 1852ஆம் ஆண்டிலே இவர் ஆறு தனித்த வால்வுகள் கொண்ட ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஏனையோர் வால்வுகளைச் சேர்த்தழுத்துவதாற் பிழை வருகின்றதெனக் கண்டு, சேரும் நீளங்களைத் திருத்த முயன்றனர். சக்ஸ் சேர்த்தழுத்துவதையே ஒழித்துவிட்டார். அவருடைய ரொம்போனில் எந்த வால்வையும் அழுத்தாதபோது குழாய் தன் முழு நீளத்தோடு, அஃதாவது ஏழாம் நிலையில், ஒலிக்கும். வால்வொன்றை அழுத்தினால் குழாய் நீளுவதில்லை, குறுகுகின்றது. முதலாம் வால்வு முதல் நிலையையும், இரண்டாவது இரண்டாம் நிலையையும், இவ்வாறே ஆறும் ஆறு நிலைகளையும் தருகின்றன. ஒரே நேரத்தில் ஒரு வால்வே தொழிற்படும். ஒவ்வொரு நிலைக்கும் அதற்கே உரிய, அதற்கென்றே அளந்து வெட்டிய நீளம் உண்டு. மேலே காட்டிய பன்னிரண்டு சதமீற்றர்க் குறை இங்கே எழ வழியில்லை.

சிந்தனையளவில் இதனைவிடத் தூய தீர்வு இல்லை. நழுவு ரொம்போனின் ஏழு நிலைகளை அப்படியே விரலுக்குக் கீழ்க் கொண்டுவந்த அமைப்பு இது. சக்ஸ் இன்னும் ஒருபடி சென்று, ஏழு நீளங்களுக்கும் ஏழு தனித்தனி வாய்களையும் அமைத்தார். நாகசுரத்துக்கு ஓர் அணசு. இந்த ரொம்போனுக்கோ ஏழு அணசுகள், பூத்த கொத்துப்போல ஒரே தண்டிலிருந்து விரிந்து நிற்கின்றன. இவ்வகை வாத்தியமொன்றைப் புருசெல்ஸ் நகரத்து இசைக்கருவி அரும்பொருட்சாலையிற் காணலாம். காண்போர் முதலில் நகைப்பர். அதன் பின்னாலுள்ள நியாயத்தை அறிந்தபின் நகைப்பு அடங்கும். ஒரே அணசு எல்லா நீளங்களுக்கும் ஒருபோலப் பொருந்தாது என்பதும், ஒவ்வொரு நீளமும் முழுமையான தனி வாத்தியமாக வேண்டும் என்பதுமே அவ்வடிவத்தின் கருத்து.

ஆயினும் ஆறு வால்வு ரொம்போன் பெல்சியத்திலும் பிரான்சிலும் சிலகாலம் வழங்கியதன்றி உலகை வெல்லவில்லை. அதன் எடை மிகுதி. மூன்று வால்வு வாத்தியங்களிற் பழகிய விரல்களுக்கு அதன் முறை முற்றிலும் புதியது. ஏனைய பித்தளை வாத்தியங்களுக்கு மாறிச் செல்லும் வசதியைக் கெடுப்பது. படைவாத்தியக் குழுவிலே ஒருவன் இன்று ஒன்றையும் நாளை இன்னொன்றையும் வாசிக்க வேண்டியவன். சுருதிப் பிழையை உதட்டினாற் சரிசெய்துகொள்ள அவன் ஏற்கெனவே கற்றிருந்தான். வழக்குகளாலும் கடனாலும் நலிந்து 1852, 1873, 1877 ஆகிய ஆண்டுகளில் மும்முறை முறிவடைந்த சக்ஸ் 1894இல் பாரிசிலே காலமானார். ஏனையோர் சென்ற வழி எளிமையானது: ஐந்து அரைச்சுரம் தாழ்த்தும் நான்காம் வால்வொன்றைச் சேர்த்தல். அதனால் ஏழாம் நிலையின் பிழை அரைச்சுரத்திற் பாதியிலிருந்து காற்பங்காகக் குறையும். பிழை நீங்கவில்லை, பொறுக்கத்தக்கதாயிற்று. சக்ஸின் தூய தீர்வைவிட இந்த அரைத்தீர்வே நிலைத்தது.

வால்வு ரொம்போனைப் பற்றிய மதிப்பீட்டில் மிகவும் முக்கியமான வழக்கு இத்தாலிய இசை நாடகமாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியப் பல்லியங்களில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வால்வு ரொம்போன்காரரே. வேர்டியின் இசையிலே ரொம்போன்கள் விரைந்து ஓடும் இடங்களை நழுவு குழாயில் வாசிப்போர் இடர்ப்படுவதற்குக் காரணம் இதுவே. அவை விரல்களுக்கென்று எழுதப்பட்டவை. இவ்விடத்தில் அவ்வாத்தியத்தைக் குறைபட்டதென்று கூறுவது, பாடலுக்கேற்ற சுருதியை விட்டு வேறு சுருதியிற் பாடிவிட்டுப் பாடலைக் குறைகூறுவது போலாகும்.

இம்மூன்று ரொம்போன்களுக்கும் கீழே நின்று தாங்கும் பேஸ் வாத்தியம் எது என்பது வேர்டியை நெடுங்காலம் வருத்திய வினா. இத்தாலியக் கையேடுகளில் அது 'சிம்பாசோ' என்று குறிக்கப்படுகின்றது. 1831இல் அரங்கேறிய பெல்லினியின் 'நோர்மா'விலும் அப்பெயர் உண்டு. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. தொடக்கத்தில் அது துளைகளும் சாவிகளும் கொண்ட, மரத்தாற் செய்யப்பட்ட ஒரு நெடிய ஊதுகொம்பு. பின்னர் அதனிடத்தில் வெவ்வேறு பித்தளை வாத்தியங்கள் அமர்ந்தன. 1871இல் 'ஐடா' அரங்கேறவிருந்த காலத்திலே வேர்டி தம் பதிப்பாளர் ரிக்கோர்டிக்கு எழுதிய கடிதமொன்றில், ரொம்போன்களின் இனத்தையே சேர்ந்த நான்காவது ஒன்று வேண்டும் என்றும், அகன்ற கூம்புக் குழாயுடைய பொம்பார்தோன் ஏனையவற்றோடு கலந்தொலிப்பதில்லை என்றும் வற்புறுத்தினார். அவர் கேட்டது பெருமுழக்கமன்று, கலப்பு. 1881இல் மிலான் நகரத்துப் பெலிற்றி என்னும் வாத்தியத் தொழிலகம் அவர் விருப்பத்துக்கேற்ப வால்வுடைய ஒரு பெரும் ரொம்போனைச் செய்தளித்தது. அது வழக்கமான ரொம்போனுக்கு ஓர் எண்சுரம் கீழே ஒலிப்பது. ஆகவே அதன் குழாய் இருமடங்கு நீளமுடையது. 1887இல் 'ஒதெல்லோ'வும், 1893இல் 'பால்ஸ்ராவ்'வும் அரங்கேறியபோது வேர்டியின் மனத்திலிருந்த ஒலி இதுவே.

குழாயின் உள்வடிவமே இங்கு வேறுபாட்டுக்குக் காரணம். ரொம்போன் இனத்தின் குழாய் பெரும்பகுதி உருளையாக, ஒரே விட்டத்தோடு சென்று, இறுதியிலேயே விரிகின்றது. ரியூபா இனத்தின் குழாயோ தொடக்கத்திலிருந்தே கூம்பாக அகன்றுகொண்டு செல்கின்றது. முன்னதன் ஒலி மேற்றொனிகள் மிகுந்து கூர்மையும் ஒளியும் உடையது. பின்னதன் ஒலி திரண்டு மென்மையுற்றுப் பரவுவது. இத்தாலிக்கு வெளியே பல பல்லியங்கள் சிம்பாசோவுக்கு எழுதப்பட்டதை ரியூபாவில் வாசித்தன. அதனால் நான்கு குரல்கள் ஒரே குடும்பமாய் ஒலிக்கவேண்டிய இடத்தில், மூன்று பேர் ஒரு மொழியிலும் நான்காமவர் வேறொரு மொழியிலும் பேசுவது போன்ற நிலை உண்டாயிற்று. வேர்டி தவிர்க்க விரும்பியது எதுவோ அதுவே நெடுங்காலம் வேர்டியின் இசையெனக் கேட்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலே, எஃப் சுருதியில் அமைந்த புதிய வால்வுச் சிம்பாசோக்கள் செய்யப்பட்டு, இசை நாடக அரங்குகளுக்கு மீண்டன. இன்று திரைப்பட இசைப்பதிவுகளிலும் அவற்றின் கூரிய கீழ்க்குரல் கேட்கப்படுகின்றது.

வடிவத்தை மட்டும் நோக்குவோரை ஏமாற்றவல்ல இன்னொன்று பேஸ் ரம்பெற். ரம்பெற் போல வளைக்கப்பட்டு, அப்பெயரே பெற்றிருப்பினும், பீ-பிளாற் சுருதியில் அமைந்த பேஸ் ரம்பெற்றின் குழாய் ரொம்போனின் அதே 270 சதமீற்றர் நீளத்தை உடையது. அதனைப் பெரும்பாலும் வாசிப்போரும் ரொம்போன்காரரே. வாக்னரின் நான்கு இரவு இசை நாடகத் தொடர் 1876இலே பைறோயித் நகரில் முழுமையாக அரங்கேறியபோது இதற்கெனத் தனிப்பகுதி இருந்தது. ஸ்ராவின்ஸ்கி 1913இலும், யனாச்செக் தம் சின்பொனியெற்றாவில் 1926இலும் இதனைக் கையாண்டனர். இதே நீளமுடைய யூபோனியமோ கூம்புக் குழாயினால் முற்றிலும் வேறு குரலுடையது. இவ்விரு குரல்களையும் ஒருவனே காட்டவேண்டும் என்னும் ஆசையால் எழுந்தது அமெரிக்காவின் இரட்டை அணசு யூபோனியம்: ஒரு வால்வை அழுத்தினால் காற்று பெரிய வாயை விட்டுச் சிறிய வாய்க்குத் திரும்பி, ரொம்போனை ஒத்த ஒலி எழும். சூசாவின் புகழ்பெற்ற குழுவிலே சிமோன் மன்றியா இதனை வாசித்தார். ஒப்பமைந்த ஒலியேயன்றி ரொம்போன் ஒலி அன்று. சிறிய அணசுக்கு முன்னுள்ள குழாய் இன்னும் யூபோனியத்தினதே ஆதலின் வேறுவிதமாதல் இயலாது.

ஜாஸ் இசைக்கு வரும்போது வழக்கு வேறு முகம் கொள்கின்றது. நழுவு குழாயின் வழுக்கலும் இழைவும் அவ்விசையின் உயிர்நிலைகளுள் ஒன்று. அத்தகைய இசையில் வால்வு ரொம்போனுக்கு இடமேது எனத் தோன்றலாம். ஆனால் டியூக் எலிங்டனின் குழுவிலே 1929ஆம் ஆண்டு முதல் யுவான் தீசொல் வால்வு ரொம்போன் வாசித்தார். புவேட்டோ றிக்கோவில் 1900இற் பிறந்து, அந்நாட்டுப் பாண்டு வாத்திய மரபிலே பயின்றவர் அவர். அம்மரபு ஸ்பானியாவிலிருந்து பெற்ற மரபாதலின் வால்வு ரொம்போன் அவருக்கு இயல்பான வாத்தியமாயிற்று. அவருக்கு அருகே அமர்ந்திருந்த 'திரிக்கி சாம்' நான்றன் நழுவு ரொம்போனின் வாயை இரப்பர் மூடியால் மறைத்தும் திறந்தும் மனிதக் குரல்போலப் பேசவைத்தார். ஒரே வரிசையில் ஒருவர் பேச, மற்றவர் நேரிய கோடு வரைந்தாற் போலப் பாடினார். 1936இல் முதன்முதற் பதிவான 'கரவன்' என்னும் புகழ்பெற்ற உருப்படி தீசொலும் எலிங்டனும் சேர்ந்து அமைத்தது. எலிங்டன் இரண்டு வாத்தியங்களில் எது உயர்ந்தது என்று ஆராயவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார். பின்வந்த பொப் புறூக்மெயர் (1929-2011) வால்வைப் பாதியளவு மட்டும் அழுத்தி, சுரங்களை மங்கவைத்தும் வளைத்தும், மெட்டுள்ள வாத்தியத்தில் மெட்டில்லாத இயல்பைக் காட்டினார்.

நழுவு குழாய், வால்வு ஆகிய இரண்டையும் ஒரே வாத்தியத்தில் அமைத்தால் என்ன என்பது அடுத்து எழும் எண்ணம். பிராட் கோவன்ஸ் (1903-1954) என்னும் ஜாஸ் இசைவாணர் அத்தகைய ஒன்றைத் தாமே அமைத்து, இரு பெயர்களையும் ஒட்டி 'வலைட்' ரொம்போன் என்று பெயரிட்டார். 1970களிலே மேனாட் பெர்குசன் (1928-2006) விருப்பப்படி ஹோல்ற்றன் தொழிலகம் 'சூப்பர்போன்' என்னும் வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இடது கை விரல்கள் மூன்று வால்வுகளை அழுத்த, வலது கை நழுவு குழாயை இழுக்கும். நழுவு குழாயைப் பூட்டிவிட்டு வால்வுகளால் மட்டும் வாசிக்கலாம். வால்வுகளை விட்டுவிட்டு நழுவு குழாயால் மட்டும் வாசிக்கலாம். இரண்டையும் சேர்த்தும் வாசிக்கலாம். பெர்குசன் போன்ற வல்லார் கையில் அது வியக்கத்தக்கது. ஆனால் வால்வொன்று திறந்திருக்கும்போது நழுவு குழாயின் நிலைகள் எல்லாம் இடம் பெயர்ந்துவிடும். எட்டுச் சேர்க்கைகளுக்கும் எட்டு வேறு அளவுகளைக் கை நினைவில் வைத்தல் வேண்டும். இரண்டு வாத்தியங்களின் வசதியோடு இரண்டின் உழைப்பும் சேர்ந்து வருதலின், அது பலருக்கு உரியதாகவில்லை.

பல வால்வுகள் தோற்ற இடத்தில் ஒரு வால்வு வென்றது. லைப்சிக் நகரத்தவரான கிறிஸ்ரியன் பிரீட்ரிக் சற்லர் 1839ஆம் ஆண்டில், பீ-பிளாற் நழுவு ரொம்போனில் ஒரேயொரு வால்வைச் சேர்த்தார். இடது கைப் பெருவிரல் அதனை இயக்க, ஏறத்தாழ 90 சதமீற்றர்க் குழாய் சேர்ந்து, வாத்தியம் நான்காம் சுரத்தளவு தாழ்ந்து எஃப் சுருதிக்கு இறங்கும். நழுவு குழாயை அவர் தொடவேயில்லை. வால்வினால் எழும் பிழையை அதே கணத்தில் திருத்துவதற்கு மறுகை ஆயத்தமாக இருக்கின்றது என்பதே இவ்வமைப்பின் நுட்பம். வால்வு ரொம்போன்களைப் பழிப்போர் பலருடைய கையிலுள்ள வாத்தியமும் இந்த வால்வைத் தாங்கியிருப்பது சிறிது சுவையான முரண்.

அந்த ஒரு வால்வும் கணக்கிலிருந்து தப்பவில்லை. அதனை அழுத்தியவுடன் குழாய் 360 சதமீற்றர் ஆகின்றது. நீண்ட குழாய்க்கு நிலைகளும் நீளவேண்டும். ஆனால் நழுவு குழாயின் நீளம் பீ-பிளாற் சுருதிக்கு அமைந்ததே. ஆகவே ஏழு நிலைகளுக்கு இடமின்றி ஆறே கிடைக்கின்றன. அடிமட்டத்தில் 'பீ' என்னும் ஒரு சுரம் அகப்படாமற் போகின்றது. பார்ட்டொக் 1943இல் எழுதிய 'பல்லியத்துக்கான கொஞ்செற்றோ'வின் நான்காம் பகுதியிலே பேஸ் ரொம்போன் அதே 'பீ'யில் தொடங்கி 'எஃப்' வரை வழுக்கி ஏறவேண்டும். வால்வு ரொம்போனில் அவ்வழுக்கல் இல்லை; ஒற்றை வால்வுடைய நழுவு ரொம்போனில் அச்சுரம் இல்லை. இக்குறையை நிரப்புதற் பொருட்டு இரண்டாவது வால்வொன்று சேர்க்கப்பட்டது. இன்று செய்யப்படும் பேஸ் ரொம்போன்களிற் பெரும்பாலானவை இரண்டு வால்வுகளோடு வருகின்றன.